கிடாருக்கு நேர்ந்த முடி

திருத்தணிக்கு வருகிறவர்கள் எல்லோரும் தலைமுடியைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வருகிறார்கள். அதே ஊரில் குடியிருந்துகொண்டு, முருகனுடைய கண்ணெதிரிலேயே நடமாடிக்கொண்டு, முடியைக் கொடுக்காமல் வளர்த்து, அதனாலேயே பேர் வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவர் எங்கள் கம்பவுண்டர்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் அதை யாரும் உபயோகித்து நான் கேட்டதில்லை. வாசலில் வந்து யாராவது விசாரித்தால் அவர் மனைவியே, "கம்பவுண்டர் குளிச்சிகினு கீறாருங்க" என்றுதான் பதில் சொல்லுவார். ஆஸ்பத்திரிக்கு டாக்டர்கள் வருவார்கள், கொஞ்ச நாள் இருப்பார்கள், மாற்றலாகிப் போவார்கள். கம்பவுண்டர் மட்டும் அங்கிருந்த மருந்து அலமாரி மாதிரி இடம் பெயராமல் இருந்தார். எந்தச் சீசாவில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மட்டும் தெரியும் என்பதால் எந்த டாக்டரும் அவரைப் பகைத்துக்கொள்வதில்லை.

அப்போது உலகச் சண்டைக் காலம். தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்து, கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து நான் ஒரு டிரங்குப் பெட்டியோடு திருத்தணியில் வந்து இறங்கினேன். ஊர் அன்றைக்குச் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைத் தெலுங்கில் முடிப்பதை யாரும் அங்கே வித்தியாசமாக நினைப்பதில்லை. கம்பவுண்டர் வீட்டில் முன்னறை காலியாக இருக்கிறது, ஆனால் கேட்டவர்கள் யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்கிறார் என்று சொன்னார்கள். சும்மா கேட்டுப் பார்ப்போம் என்று போனேன். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அடுத்த நிமிஷம் என் டிரங்குப் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காரணம் சாயங்காலம்தான் தெரிந்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவனுக்குச் சங்கீதம் தாய்ப்பாலோடு சேர்ந்து இறங்கியிருக்கும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. எனக்குப் பாட்டு என்றால் ஒன்றும் தெரியாது, எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, கோயில் நாதஸ்வரக்காரர் எங்கள் சந்துக்குள் வருவதே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். "பெரிய வித்வாங்கோ எல்லாம் இப்படித்தான் சொல்லிக்குவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன் சார்" என்றார். அன்றிலிருந்து நான் அந்த வீட்டின் ஆஸ்தான வித்வான். அவர் வாசித்து முடித்ததும் என் முகத்தைப் பார்ப்பார். நான் தும்மினால்கூட அதில் ஒரு விமரிசனம் இருப்பதாக எடுத்துக்கொள்வார்.

அவர் வாசித்தது கிடார். திருத்தணியில் அதற்கு முன்னால் யாரும் அப்படி ஒரு வஸ்துவைக் கண்ணால் பார்த்ததில்லை. வீணைக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றுதான் எங்கள் தெருப் பூக்காரி முதலில் நினைத்தாளாம்.

அது வந்த கதை இது. கூட்ஸ் வண்டியிலிருந்து இறங்கும்போது கால் எலும்பை முறித்துக்கொண்ட ஓர் ஆங்கிலோ-இந்திய ரயில் கார்டைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். ரயில்வே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏற்பாடாகும் வரை கட்டிலில் படுத்தபடியே அவர் கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். கம்பவுண்டர் காலுக்குக் கட்டுப் போடப் போனவர், கட்டை மறந்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். கார்டு அவருக்கு இரண்டு மூன்று பிடிகள் சொல்லிக் கொடுத்தார். இடது கை விரல்களால் கம்பிகளை இப்படி இப்படி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதுதான் பிடி. போகும்போது, தன் வீட்டில் வேறொரு கிடார் இருக்கிறது என்று சொல்லி, தான் வாசித்ததைக் கம்பவுண்டர் கையிலேயே கொடுத்துவிட்டார். "ஒரு மாசம் போதும் மேன். விரல் வலிக்கும். அப்புறம் வலிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். கம்பவுண்டர் மருந்துச் சீட்டுக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்தவர். மூன்று வேளை என்று டாக்டர் எழுதினால் மூன்று வேளை. ஒரு மாசம் என்று கார்டு சொன்னால் ஒரு மாசம். அதற்கு மேல் ஒரு நாள் ஆனாலும் தவறு மருந்தில் இல்லை, குடிக்கிறவனிடத்தில்தான் என்பது அவர் கட்சி.

கிடார் வாசிப்பதையும் அவர் மிக்ஸ்சர் கொடுப்பதைப் போலவே நடத்தினார். அந்தக் காலத்து மருந்துச் சீசாக்களில் ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, காகிதத்தை ஓரத்தில் பல் பல்லாகக் கத்தரித்து ஒட்டியிருப்பார்கள். அதே மாதிரி ஒரு காகிதத்தைக் கத்தரித்துக் கிடாரின் கழுத்தில் மேலிருந்து கீழ் வரை ஒட்டினார். விரலை எங்கே வைப்பது என்பதற்கு அது அடையாளம். காலை, மதியம், மாலை, ஆகாரத்துக்குப் பின் வாசிப்பு. வெறும் வயிற்றில் வாசித்தால் பிடிக்காது என்பார். எங்களுக்கு வயிறு நிறைந்திருந்தாலும் பிடிக்கவில்லை என்பதை அவரிடம் யார் சொல்வது?

விரல் நுனிகள் கொப்புளித்தன. அவற்றில் ஊதா மருந்தைத் தடவிக்கொண்டார். ஊதா விரல்களால் அவர் மாத்திரை மடித்துக் கொடுக்க, வாங்கிக்கொண்டவர்கள் இது ஏதோ புது மாதிரி வைத்தியம் என்று பயபக்தியோடு விழுங்கினார்கள். இதுவாவது பரவாயில்லை. யாருக்காவது கையில் கட்டுப் போடும்போது நினைவு வந்துவிட்டால், நோயாளியின் முழங்கையிலேயே பிடி பழக ஆரம்பித்துவிடுவார். அம்மையார்குப்பத்திலிருந்து வந்த ஒரு நெசவாளி ஒரு நாள் வெளியே வந்து, கம்பவுண்டர் கட்டுப் போடுகிறாரா, என் கையில் தறி ஓட்டுகிறாரா என்று எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

கார்டு அடிக்கடி வாசித்த ஓர் இங்கிலீஷ் பாட்டு கம்பவுண்டர் மனதில் பதிந்திருந்தது. வார்த்தைகள் அவருக்குத் தெரியாது. மெட்டு மட்டும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை தலைக்குள் இருந்தது. அதைத்தான் வாசிக்கப் பழகினார். பாட்டு முதலில் சாதுவாகப் போகும். நடுவில் ஓர் இடம் வரும். அங்கே ஆள்காட்டி விரலை எல்லாக் கம்பிகளுக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்தி, மற்ற விரல்களை வேறு வேறு திசைகளில் அனுப்ப வேண்டும். அதற்குப் 'பெரிய பிடி' என்று பெயர் வைத்திருந்தார். அந்த இடத்துக்கு வந்ததும் கிடாரிலிருந்து பலகையில் ஈரத்துணி விழுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பாட்டு நின்றுவிடும். கம்பவுண்டர் பெருமூச்சு விடுவார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இதனால் எங்கள் தெரு முழுவதும் அந்தப் பாட்டைப் பாதி வரை மனப்பாடம் செய்துவிட்டது. பால்காரர் கறந்துகொண்டே முனகுவார். துணி துவைக்கிற பெண்கள் முனகுவார்கள். எல்லோரும் சரியாக அந்த இடத்தில் நிறுத்திப் பெருமூச்சு விடுவார்கள். பெருமூச்சும் பாட்டில் சேர்ந்தது என்றே பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு அப்புறம் என்ன வருகிறது என்று கம்பவுண்டரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

ஒரு மாசம் கடந்தது. அதற்கு மேலும் கடந்தது. இந்த இடத்தில் கம்பவுண்டருடைய பூர்வ சரித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் ஆரம்பிக்காத காரியம் கிடையாது, முடித்த காரியமும் கிடையாது. சைக்கிள் கற்றுக்கொண்டார், ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது. தெரிந்தவர் யாராவது எதிரில் வந்தால் அவர் மேல் சாய்ந்து இறங்குவார். இந்தி படித்தார். 'என் பெயர்' என்பது வரை வந்து, பெயரைச் சொல்வதற்குள் விட்டுவிட்டார். கொல்லையில் கிணறு தோண்ட ஆரம்பித்தார். இடுப்பளவு வந்ததும் அலுத்துப் போய்விட்டது. அந்தப் பள்ளத்தில் அவர் மனைவி வாழை வைத்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரிய பிடி வழக்கம்போல் காலை வாரிவிட்டது. கம்பவுண்டர் எழுந்தார். கொல்லைக்குப் போனார். கிடாரை அந்த வாழைப் பள்ளத்தில் இறக்கி வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்தார். அவர் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதையும் அங்கியே போட்டுட்டீங்களா? நல்லது. எங்க நைனா அப்பவே சொன்னாரு, மாப்பிள்ள எதையும் பாதியில வுட்டுடுவாருன்னு. வாழைக்கு எருவாவும் போங்க."

 கம்பவுண்டர் திரும்பிப் போய்க் கிடாரை எடுத்து, மண்ணைத் துடைத்து, உள்ளே கொண்டுவந்து மூலையில் சாத்தினார். குளித்தார். அன்று கிருத்திகை. நேராக மலைக்கு ஏறிப் போய்விட்டார். மத்தியானம் நெற்றி நிறைய விபூதியோடு இறங்கி வந்து என் அறை வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னார். அந்தப் பாட்டை ஆரம்பம் முதல் கடைசி வரை ஓர் இடத்திலும் தப்பாமல் வாசித்துவிட்டால் முருகனுக்கு முடி காணிக்கை, அது வரைக்கும் தலையிலும் தாடையிலும் கத்தி படாது என்று வேண்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"பயம் இருந்தாதான் சார் எனக்கு வேலை ஓடும். வீட்ல சொன்னா வுட்டுடலாம். டாக்டருகிட்ட சொன்னாகூட வுட்டுடலாம். இவருகிட்ட சொல்லிட்டா வுட முடியாது பாருங்க."

எப்படியும் ஒரு மாசத்தில் முடிந்துவிடும் என்றும் சொன்னார்.

முடி வளர்ந்தது. பெரிய பிடி அசையவில்லை. முதலில் சவரம் செய்ய மறந்துவிட்ட மனிதர் மாதிரி இருந்தார். அப்புறம் வீட்டில் ஏதோ துக்கம் மாதிரி இருந்தார். முடி தோளைத் தொட்டு, தாடி மார்பை எட்டிப் பார்த்தபோது அசல் சாமியாராகவே ஆகிவிட்டார். வேறு ஊராக இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். அது திருத்தணி. ரயிலிலிருந்து இறங்கி மலைக்குப் போகிற யாத்ரீகர்கள், ஆஸ்பத்திரி ஜன்னலில் ஜடாமுடியோடு ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நேராக உள்ளே வந்து தேங்காயும் வாழைப்பழமும் வைத்து விழுந்து கும்பிட ஆரம்பித்தார்கள். ஐயோ, நான் கம்பவுண்டருங்க என்று அவர் பதறுவார். சாமிகள் தங்களை அப்படித்தான் மறைத்துக்கொள்வார்கள் என்று அவர்கள் இன்னொரு தடவை விழுவார்கள். வேறு வழியில்லாமல், வேளைக்குச் சாப்பிடுங்கள், கொதிக்கவைத்த தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லி அனுப்புவார். அதை உபதேசமாக வாங்கிக்கொண்டு கண்களில் நீர் மல்கப் போவார்கள். எனக்குச் சங்கீதம் தெரியாது என்று நான் சொன்னபோது அவர் நம்பாததற்கு முருகன் கொடுத்த தண்டனை இது என்று நான் மனதுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

மலையடிவாரத்துக் குளக்கரையில் முடி எடுப்பவர்களில் வயதான ஒருவருக்குத்தான் இது பெரிய வேதனையாக இருந்தது. ஊர் ஊராக வந்து எல்லோரும் தலையைக் குனிந்து கொடுக்க, உள்ளூரில் இவ்வளவு முடி வீணாக நடமாடுவதை அவரால் தாங்க முடியவில்லை. வழியில் பார்க்கும்போதெல்லாம், இன்றைக்கா ஐயா என்று கேட்பார். இன்றைக்கு இல்லை என்று கம்பவுண்டர் தலை குனிந்து போவார். போலீஸ்காரரைப் பார்த்துக்கூட அவர் அப்படி ஒதுங்கியதில்லை.

வீட்டில் அந்த முடியைப் பராமரித்தது அவர் மனைவி. வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, சிக்கெடுத்து முடிந்துவிடுவார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஒரு நாள் சிக்கெடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "தலை வார ஒரு பொண்ணு இல்லியேன்னு கொற இருந்துச்சு தம்பி. முருகன் தீத்து வெச்சிட்டாரு." கம்பவுண்டர் அசையாமல் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சிரித்தேன். அப்புறம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவர் அலுத்துப்போகாமல் இருந்தார் என்று நினைக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாளாவது அலுத்துப்போவார். அன்றைக்குக் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். அதுவும் ஒரு வேளைக் கணக்குதான் என்பார். ஒரு தடவை நானே, விட்டுத் தொலையுங்களேன் சார் என்று சொல்லிப் பார்த்தேன். "ரெண்டு வேள குடிச்சிட்டு, மருந்து கேக்கலன்னு சீசாவ திருப்பிக் கொண்டாந்து வெப்பாங்க சார். அவங்கள நான் எவ்ளோ திட்டியிருக்கேன் தெரியுமா? நானும் அப்படித்தான் இருந்திருக்கேன்னு இப்பதான் தெரியுது" என்றார். 

மழைக் காலத்தில் ஒரு கம்பி அறுந்தது. சண்டைக் காலத்தில் மெட்ராஸிலேயே கிடார்க் கம்பி கிடைக்கவில்லை. முகம் தொங்கிப்போய் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கச் சகிக்காமல் டாக்டரே, ஆபரேஷன் தையலுக்கு வைத்திருந்து நாள்பட்டுப் போன நரம்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதைக் கட்டி வாசித்தபோது கிடார் முன்னைவிடக் கொஞ்சம் மரியாதையாகப் பேசியது. டாக்டர் வந்து கேட்டுவிட்டு, காயம் ஆற இன்னும் நாளாகும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். சித்தூரிலிருந்து ஜில்லா மெடிக்கல் ஆபீசர் வருகிறார் என்று தகவல் வந்தது. கண்டிப்பான மனிதர், ஆஸ்பத்திரி சிப்பந்தி தாடி வைத்திருந்தாலே மேலும் கீழும் பார்ப்பவர் என்று பேச்சு. டாக்டர் கம்பவுண்டரைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை அவர் வருகிறார், அதற்குள் முடியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கி எங்கேயாவது போட்டுவிடுவார், என் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஊர் கூடி யோசனை செய்தது. அதுவரை கேலி செய்தவர்கள் எல்லோரும் அன்றைக்கு வேதாந்திகளாகிவிட்டார்கள். வேண்டுதலைத் தள்ளி வைக்கலாம் என்றார் ஒருவர். பெண்கள் கொடுப்பது போல் நுனியில் கொஞ்சம் கத்தரித்துப் பூமுடி கொடுத்துவிட்டால் பாதி தீர்ந்த மாதிரி என்றார் இன்னொருவர். பெரிய பிடிக்கு முன்னால் வருகிற வரைக்கும்தான் பாட்டு, அதற்கு மேல் வருவது வேறு பாட்டு என்று அறிவித்துவிடலாம் என்று பால்காரர் சொன்னார். இருக்கிறதிலேயே சாமர்த்தியமான யோசனை டாக்டருடையது. "அது முழுப் பாட்டுதான்னு நான் டாக்டர் சர்ட்டிபிகேட் தரேன்யா" என்றார். கம்பவுண்டர் எல்லாவற்றுக்கும் கையைக் கூப்பினார். ஞாயிற்றுக்கிழமை வாசித்துப் பார்க்கிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை குளக்கரை வேப்பமரத்தடியில் எங்கள் தெரு முழுவதும் கூடியிருந்தது. முடி எடுக்கிற பெரியவர் கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கம்பவுண்டர் ஆரம்பித்தார். சாதுவாகப் போயிற்று. அந்த இடம் வந்தது. எல்லோரும் பழக்கதோஷத்தில் பெருமூச்சு விட்டுவிட்டோம். ஆனால் பாட்டு நிற்கவில்லை. பெரிய பிடியைத் தாண்டிப் போய்விட்டது. அதற்கு அப்புறம் என்ன வருகிறது என்று இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோமே, ஒன்றும் பிரமாதமாக இல்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, முதலில் வந்த மெட்டுக்கே வந்து முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. அவர் கிடாரைக் கீழே வைத்த பிறகுதான் தெரிந்தது.

பெரியவர் ஒரு விநாடி வீணாக்கவில்லை. செம்பிலிருந்து தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார். கத்தியையும் எடுத்துவிட்டார். கம்பவுண்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வோணாங்க. பெரிய பிடியில ஒரு கம்பி பேசல."

எங்களில் யாருக்கும் அது கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. அந்தப் பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான். எல்லோரும் ஆஸ்தான வித்வான் என்ற முறையில் என்னைப் பார்த்தார்கள். எல்லாக் கம்பியும் பேசியது, யாருக்கும் தப்பு எதுவும் கேட்கவில்லை சார் என்று அடித்துச் சொன்னேன்.

"எனக்குக் கேட்டுச்சே சார்" என்றார். ஈரத் தலையோடு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மெடிக்கல் ஆபீசர் வந்தார். அவர் வந்த நேரத்தில்தானா ஒரு யாத்ரீகக் குடும்பம் மருந்து ஜன்னலுக்கு முன்னால் கற்பூரம் ஏற்ற வேண்டும்? மனிதர் அப்படி ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. தெலுங்கில் நிதானமாக விசாரித்தார். வேண்டுதல் என்றதும் அவரும் பக்திமான்தான், என்ன வேண்டுதல் என்று கேட்டார். கிடார் என்று பதில் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போதே முடியை எடுத்துவிட்டு இங்கேயே இருக்கலாம், இல்லை என்றால் மதனப்பள்ளிக்குப் போ என்றார். கம்பவுண்டர் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். மதனப்பள்ளிக்கு உத்தரவாகிவிட்டது.

நான் அன்று சாயங்காலம் அவர் மனைவியிடம் போய்ச் சண்டை போடாத குறையாகப் பேசினேன். நீங்கள் சொன்னால் கேட்பார் அக்கா, இத்தனை வருஷம் இருந்த ஊர், ஒரு கம்பிக்காக விட்டுவிட்டுப் போவதா என்றேன். அவர் பாத்திரங்களைக் கோணியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த மனுசன் ஒண்ண கெட்டியா புடிச்சிகினு நின்னு நான் பாத்ததில்ல தம்பி. இப்பதான் பாக்கறேன். மதனப்பள்ளி இன்னா, காசிக்கே மாத்தட்டும். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

புறப்படுகிற நாள் வந்தது. காலை பாசஞ்சரைப் பிடிக்க வாசலில் மாட்டுவண்டி நின்றது. சாமான் ஏற்றுவதில் கம்பவுண்டர் யாருக்கும் உபயோகமில்லை. தூக்கின பெட்டியைப் பாதி வழியில் வைத்துவிட்டு வேறு பெட்டிக்குப் போய்விடுவார். அவர் மனைவி அவரைப் பிடித்துக் கூடத்தில் படுக்கைச் சுருள் மேல் உட்காரவைத்துவிட்டு, ஊறுகாய் ஜாடியை எப்படி வைப்பது என்று வண்டிக்காரரோடு தர்க்கம் செய்துகொண்டிருந்தார். நான் அவர்களுடைய டிரங்குப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். சும்மா உட்காரப் பிடிக்காமல் கம்பவுண்டர் கிடாரை எடுத்தார். அது காலை வேளைக்கு உரிய நேரம்.

யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பாட்டை யார் கவனிப்பார்கள்? அந்த இடம் வந்தது. என் கை கயிற்றோடு தானாக நின்றது. வாசலில் தர்க்கமும் நின்றது. பாட்டு நிற்கவில்லை. சோற்றுக் கையால் சோறு எடுப்பது போல அவ்வளவு சாதாரணமாகப் பெரிய பிடியில் இறங்கி, ஏறி, போய்க்கொண்டே இருந்தது. திரும்பி முதல் மெட்டுக்கு வந்து முடிந்தது. கம்பவுண்டர் தன் இடது கையை, வேறு யாருடையதோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி ஊறுகாய் ஜாடியை அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"எல்லாக் கம்பியும் பேசுச்சா?"

"ஆங். பேசுச்சு."

அவ்வளவுதான் பேச்சு. அந்த அம்மாள் ஜாடியைக் கீழே வைத்தார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வாசலுக்குப் போனார். ஸ்டேஷனுக்கு வேண்டாம், வண்டியைக் குளக்கரைக்கு விடு என்று வண்டிக்காரரிடம் சொன்னார். 

சாமான் வண்டிக்குப் பின்னால் எங்கள் தெரு முழுவதும் நடந்தது. பெரியவர் தூரத்திலேயே பார்த்துவிட்டார். அவர் அன்று எதுவும் கேட்கவில்லை. உட்காரவைத்து, அவசரமே இல்லாமல், கைக்குழந்தைக்கு முதல் மொட்டை போடுவது போல மெதுவாக எடுத்தார். எல்லாம் விழுந்த பிறகு உள்ளேயிருந்து வந்த முகத்தைப் பார்த்து நாங்கள் திகைத்துப்போனோம். அத்தனை முடிக்கும் தாடிக்கும் அடியில் இவ்வளவு சின்ன முகமும் இரண்டு சின்னக் காதுகளும் இருந்தது எங்களுக்கு மறந்தே போயிருந்தது. அவர் மனைவி அந்த மொட்டைத் தலையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். குளத்தில் முழுகிவிட்டு இரண்டு பேரும் மலை ஏறினார்கள்.

இதற்குள் செய்தி கேட்டு டாக்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். முடிதானே வினை, அது போய்விட்டது, உடனே சித்தூருக்குத் தந்தி கொடுத்து உத்தரவை ரத்து செய்யச் சொல்லிவிடுகிறேன் என்றார். தந்திக்கு வாசகம்கூட இங்கிலீஷில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. பால்காரர் வண்டியிலிருந்து கோணிகளை இறக்க ஆரம்பித்துவிட்டார்.

மத்தியானம் கம்பவுண்டர் இறங்கி வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. பின்னால் வந்த மனைவியின் முகத்தைப் பார்த்தால்தான் ஒன்றும் புரியவில்லை. அழுகிறாரா, சிரிக்கிறாரா, அடிக்கப் போகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கம்பவுண்டர் நேரே என்னிடம் வந்தார்.

"கார்டு இன்னொரு பாட்டு வாசிப்பாரு சார். அதுல ரெண்டு எடத்துல பெரிய பிடி வருது. முருகன்கிட்ட அதையும் சொல்லிட்டு வந்துட்டேன்."

 டாக்டர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியைப் பார்க்க நடந்தார். பால்காரர் இறக்கிய கோணிகளைத் திரும்ப ஏற்றினார். சாயங்கால பாசஞ்சரில் அவர்கள் மதனப்பள்ளிக்குப் புறப்பட்டுப் போனார்கள்.

இப்போது ரேடியோவைத் திருப்பினால் எவ்வளவோ பேர் கிடார் வாசிக்கிறார்கள். எங்கேயும் நிற்காமல், தடுக்காமல், வழுக்கிக்கொண்டு போய் முடிகிறது. அவற்றைக் கேட்கும்போது எனக்குக் கம்பவுண்டர் ஞாபகம் வருவதில்லை. நான் சாயங்காலம் நடந்து போகிற தெருவில், ஏதாவது ஒரு வீட்டுக்குள் யாரோ புதிதாகக் கற்றுக்கொள்கிற ஒருவர், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார் பாருங்கள், அப்போது வருகிறது. மனசு கரைந்துவிடுகிறது. அந்த வாசலில் நின்றுவிடுகிறேன். அந்த இடத்தைத் தாண்டும் வரை எனக்கு அங்கிருந்து நகர மனம் வருவதில்லை.